மும்பைக் கடலில் கணவாய்க்கு ஏற்ற காலம் எது?

கேட்டவர் தூத்துக்குடித் தம்பி. வேலைக்காகச் செம்பூருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் அமாவாசை இரவுகளில் கணவாய்த் தூண்டில் போட்டுப் பழகியவர். அதே பழக்கத்தில் இங்கே வொர்லிக் கடற்கரைச் சுவரிலும் பாந்த்ராப் பாறைகளிலும் நான்கு அமாவாசைகள் விடிய விடிய நின்றிருக்கிறார், ஒன்றுகூட ஏறவில்லை. எந்த மாதம், எந்தப் பிறை, எந்த நேரம் என்பது அவருடைய கேள்வி. பிடிக்க வழியில்லையென்றால் வாங்குவதற்காவது நல்ல காலம் எது என்றும் கேட்டிருக்கிறார்.

நான் குளச்சலில் பிறந்தவன். இருபத்தாறு ஆண்டுகளாக மும்பையில் இருக்கிறேன். சாசூன் டாக், பாவுச்சா தக்கா மீன்பிடித் துறைமுகங்களில் விடியற்காலை ஏலத்தில் கணவாய் எடுப்பது என் தொழில். அதனால் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன்: மாதம், செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. கரையிலிருந்து தூண்டில் போடுவதானால், தேய்பிறை அஷ்டமியிலிருந்து ஏகாதசி வரை. நேரம், பொழுது சாய்ந்த பின் முதல் இரண்டு மணி நேரம். இடம் மட்டும் வொர்லி அல்ல. ஏன் அமாவாசை அல்ல, ஏன் வொர்லி அல்ல என்பது புரிந்துவிட்டால், பிறகு நாட்காட்டியைப் பார்த்து நீங்களே நாள் குறித்துக்கொள்ளலாம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நாம் கணவாய் என்று ஒரே சொல்லில் அடக்குவது மூன்று வகை. உள்ளே கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு உள்ள நீண்ட உடம்புக்காரன் ஊசிக் கணவாய். சென்னையில் இதைக் கடம்பா என்பார்கள், மலையாளிகள் கூந்தல் என்பார்கள். முதுகுக்குள் வெள்ளை ஓடு வைத்திருப்பது ஓட்டுக் கணவாய். அந்த ஓட்டைத்தான் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிறார்கள். எட்டுக் கையோடு பாறை இடுக்கில் கிடப்பது பேய்க்கணவாய். மும்பைச் சந்தையில் மராத்தியில் மாகுல் என்று கேட்டால் முதல் இரண்டையும் காட்டுவார்கள், எது வேண்டுமென்று கையால் சுட்டிவிடுங்கள். மேற்குக் கடலில் இழுவைப் படகுகள் கொண்டுவரும் ஊசிக் கணவாயில் பெரும்பகுதி ஒரே இனம். நீங்கள் ஊரில் தூண்டிலில் பிடித்தது, அகன்ற துடுப்பு உடம்பின் முழு நீளத்துக்கும் ஓடுகிற இன்னொரு இனமாக இருக்கும்; அது பவளப் பாறையும் கடற்புல்லும் உள்ள தெளிந்த ஆழமற்ற நீரை விரும்புவது. உங்கள் நாட்காட்டி இங்கே பொய்த்ததற்கு முதல் காரணம் இதுதான்.

கணவாயைப் பற்றி நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லச் சொன்னால், அது கண்ணால் வாழும் உயிர் என்பேன். அதன் உடம்போடு ஒப்பிட்டால் கண் மிகப் பெரியது. பெரும்பாலான கணவாய் இனங்களுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. ஆனால் வெளிச்சமும் நிழலும், ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதும் நம்மைவிட நன்றாகத் தெரியும். இரையைப் பார்த்து, தூரத்தை அளந்து, இரண்டு நீண்ட கைகளை வீசிப் பிடிக்கும். மோப்பம் பிடித்து வரும் கெளுத்திக்குக் கலங்கல் நீர் வசதி. கணவாய்க்கு அது குருட்டு இருட்டு. ஆகவே மாதம், பிறை, ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்), காற்று என்று நாம் தனித்தனியாகக் கேட்கும் எல்லாக் கேள்விகளும் கடைசியில் இரண்டே கேள்விகளில் வந்து முடிகின்றன: தண்ணீர் தெளிவாக இருக்கிறதா? வெளிச்சம் எங்கே இருக்கிறது?

நம் ஊர்க் கடலை இந்தக் கண்ணோடு பாருங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நேர்மாறு: பாக் விரிகுடா கலங்கும், மன்னார் வளைகுடா தெளியும். பாம்பன், இராமேசுவரம் மீனவர்கள் காற்றுக்கேற்பத் தீவின் வடகரைக்கும் தென்கரைக்கும் மாறுவது இதனால்தான். அங்கே ஓத ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அமாவாசையானாலும் அஷ்டமியானாலும் தண்ணீரின் தெளிவு பெரிதாக மாறாது. அதனால் இருட்டு ஒன்றே கணக்கு, அமாவாசை நல்ல நாள். உங்கள் ஊர்க் கணக்கு தவறில்லை, தூத்துக்குடிக்கு அது சரி.

மும்பையில் கதை வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உவா நாட்களில் இங்கே கடல் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயர்ந்து இறங்குகிறது. தாணே ஓடை, வசாய் ஓடை, மாஹிமில் வந்து விழும் மிட்டி ஆறு ஆகியவற்றின் சேற்றையெல்லாம் அந்த நீரோட்டம் நாளுக்கு இரண்டு முறை வாரிக்கொண்டு போய் மீண்டும் கொண்டுவந்து கொட்டுகிறது. நீங்கள் நின்ற வொர்லிக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே இருப்பதே மாஹிம் விரிகுடாவின் சேற்றுப் படுகை. அமாவாசையன்று அங்கே கையை முழங்கை வரை நீரில் விட்டால் விரல் தெரியாது. அந்த நீரில் உங்கள் தூண்டில் இறால் (இறால் வடிவப் போலி இரை) எவ்வளவு அழகாக ஆடினாலும் பார்க்க ஆள் இல்லை. போதாததற்கு ஆற்று நீர். கணவாய் உவர்ப்புக் குறைவதைத் தாங்காது; நன்னீரில் வாழும் கணவாய் உலகத்தில் எங்குமே கிடையாது. மழைக்காலத்தில் கரையோரக் கடல் பாதி நன்னீராகிவிடுவதால் அது வெளியே, ஆழத்துக்குப் போய்விடுகிறது.

இங்குள்ள கோலி மீனவர்கள் இந்த ஓத வேறுபாட்டை இரண்டு சொற்களில் அடக்கி வைத்திருக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருநீர் நாட்கள் உதாண். அஷ்டமியை ஒட்டிய, ஓட்டம் குறைந்த நாட்கள் பாங். ஓட்டத்தை நம்பிக் கட்டும் டோல் வலைக்காரர்களுக்கு உதாண்தான் வேலை நாள். பொம்பில் எனப்படும் வங்கரவாசியும் சிற்றிறாலும் அவர்களுக்கு அப்போதுதான் நிறையும். தூண்டில்காரருக்கோ பாங் நாட்கள்தான் தெளிந்த நீர் தருபவை. நான் வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. பாவுச்சா தக்காவில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கோலிப் பெரியவர்தான், "மாகுல் வேண்டுமென்றால் நிலாவைப் பார்க்காதே, நீரைப் பார்" என்று சொல்லித் தந்தார்.

அவர் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாங் நாட்கள் மாதத்துக்கு இரண்டு முறை வரும்: வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று. வளர்பிறை அஷ்டமியன்று பொழுது சாயும்போதே நிலா உச்சியில் நிற்கும், நள்ளிரவில்தான் மறையும். தேய்பிறை அஷ்டமியன்று நிலா எழுவதே நள்ளிரவு வாக்கில். தசமி, ஏகாதசியில் இன்னும் தாமதமாகும். அதாவது முன்னிரவு முழுவதும் இருட்டு, நீரும் தெளிவு. இதற்கு மேல் ஒன்று: மும்பையில் உவா நாட்களில் உயர் ஓதம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். ஒவ்வொரு நாளும் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போவதால் அஷ்டமிக்கு வரும்போது ஏறக்குறைய மாலை ஆறு ஏழு மணிக்கு ஏற்றம் நிறையும். வெளிக்கடல் நீர் கரைக்கு வந்து சேரும் நேரமும் பொழுது சாயும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. தெளிந்த நீர், நிறைந்த ஓதம், இருட்டத் தொடங்கும் வானம் மூன்றும் கூடும் நாட்கள் மாதத்தில் மூன்றோ நான்கோதான். அவற்றைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். துல்லியமான ஓத நேரத்தை அந்தந்த நாளின் ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி, ஒரு மணி முன்பின் இருக்கும்.

வளர்பிறைப் பாங் நாட்களை வீணென்று தள்ளிவிட வேண்டாம். அப்போது விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் இருட்டாக இருக்கும். விடியலும் அந்தியும்தான் கணவாய் இரைதேடி மேலெழும் வேளைகள். ஆனால் அந்நேரத்தில் பாறையில் தனியாக நிற்க வேண்டாம். இங்கே ஓதம் ஏறும் வேகம் நம் ஊரில் பழகியவர்களுக்குப் பிடிபடாது. பின்னால் இருந்த பாதை அரை மணியில் தண்ணீருக்கடியில் போய்விடும்.

இனி மாதங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. கிழக்குக் கரையில் அதுவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஊரில் தடை முடிந்து மீன் குவியும் நேரத்தில் இங்கே டாக் வெறிச்சோடிக் கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கோலி மக்கள் ஆவணிப் பௌர்ணமியான நாரளிப் பூர்ணிமையன்று கடலுக்குத் தேங்காய் விட்டுவிட்டுத்தான் மனதார வலை வீசத் தொடங்குவார்கள். ஆகஸ்டில் படகுகள் போனாலும் முதலில் இறாலைத் துரத்துவார்கள். கடலும் கோபம் தணிந்திருக்காது. அப்போது ஏலத்துக்கு வரும் கணவாய் பெரும்பாலும் விரல் நீளக் குஞ்சு.

செப்டம்பர் பிற்பாதியில் நிலைமை மாறும். மழைக்காலத்தில் மேற்குக் கரையின் தென்பகுதியில் அடியாழத்துக் குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலெழுகிறது. அதில் நுண்ணுயிர் பெருகி, அதைத் தின்னும் மத்தியும் சிறுமீனும் பெருகி, அவற்றைத் தின்னும் கணவாயும் கொழுக்கிறது. மேலெழுந்த அந்த நீரில் ஆக்சிஜன் குறைவு. மழை ஓய்ந்து அது பின்வாங்கும்போதுதான் கணவாய்க் கூட்டங்கள் பரவி வலைக்கெட்டும் ஆழத்துக்கு வருகின்றன. கேரளம், கர்நாடகத்தில் இந்தப் பருவம் சற்று முன்னதாகத் தொடங்கும், வடக்கே வர வரத் தாமதமாகும். நான் பார்த்த வரையில் மும்பை ஏலத்தில் அக்டோபர், நவம்பர் இரண்டும்தான் உச்சம். டிசம்பர், ஜனவரியில் வாடை நீரைக் குளிர்வித்துக் கலக்குவதால் வட அரபிக்கடலில் இன்னொரு முறை சத்துப் பெருகும். அப்போது எண்ணிக்கை குறைந்தாலும் உருப்படி பெரிது. ஓட்டுக் கணவாய் நல்ல எடையில் வருவதும் குளிர்மாதங்களில்தான். மார்ச் முதல் மே வரை ஒரு சின்னப் பருவம் உண்டு, ஆனால் வெயில். பத்து நாள் கடலில் கிடந்து வரும் படகில் பனிக்கட்டி எவ்வளவு போட்டாலும் சரக்கின் தரம் அக்டோபர்ச் சரக்கைத் தொடாது.

இந்தக் கணக்கும் ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் காட்டும். கணவாயின் ஆயுள் ஓர் ஆண்டை எட்டுவதே பெரிது. அதன் தலைக்குள் இருக்கும் கடுகளவுக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழுகிறது. அதை எண்ணித்தான் ஆராய்ச்சியாளர்கள் வயது சொல்கிறார்கள். பிறந்து, விரைந்து வளர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். வஞ்சிரத்தைப் போல ஐந்தாறு வயதுக் கூட்டம் கையிருப்பில் இருக்காது. இந்த ஆண்டுக் குஞ்சு பிழைத்தால் அடுத்த ஆண்டு அள்ளலாம். பிழைக்காவிட்டால் டாக்கில் வெறுங்கூடைதான். "போன வருடம் இதே தேதியில் இவ்வளவு வந்ததே" என்ற பேச்சு இந்த உயிரிடம் செல்லாது.

நீங்கள் இரவைப் பற்றிக் கேட்டீர்கள். இழுவைப் படகுக்காரரைக் கேட்டால் பகலில்தான் கணவாய் என்பார். இரண்டும் உண்மை. பகலில் கணவாய் அடித்தரையை ஒட்டிக் கூட்டமாகத் தங்கும், இருட்டியதும் இரையைத் தொடர்ந்து மேலே பரவும். தரையைத் தடவி இழுக்கும் மடிவலைக்குப் பகல் இழுப்பு நிறையும், இரவு இழுப்பு ஏமாற்றும். தூண்டில்காரருக்கு நேர்மாறு. இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பௌர்ணமி வாரத்தில், இரவில் இழுத்த சரக்கு என்று ஒரு படகுக்காரர் பெருமையாகச் சொன்ன கணவாயை நம்பி முன்பணம் கொடுத்தேன். வந்திறங்கியது முக்கால்வாசி கிளிமீன். கொச்சியில் காத்திருந்தவருக்கு அந்த வாரம் நான் சொன்ன சொல் போயிற்று.

விளக்கு வைத்துப் பிடிப்பது பற்றியும் பேச வேண்டும், நீங்கள் அதையும் கேட்டிருந்தீர்கள். என் அப்பா குளச்சலில் கட்டுமரத்தின் ஓரத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டுக் கணவாய் பிடித்தவர். விளக்குக்கு நேர்கீழே கணவாய் நிற்காது. வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் விளிம்பில் நின்று, வெளிச்சத்துக்குள் வரும் சிறுமீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்பா தூண்டிலைப் போட்டதும் அந்த விளிம்பில்தான். அமாவாசையில் அந்த விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். பௌர்ணமியில் கடல் முழுவதும் வெளிச்சமாகிவிடுவதால் விளக்கு வேலை செய்யாது. நடுக்கடலில் அமாவாசைக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்துவது இதனால். ஆனால் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வேறு, ஜெனரேட்டரை ஓடவிட்டு எல்இடி விளக்கு வரிசையைக் கடலில் கொட்டுவது வேறு. பின்னது கணவாயை மட்டுமா இழுக்கிறது, ஊரிலுள்ள குஞ்சுமீனையெல்லாம் இழுத்து ஒரே வலையில் முடித்துவிடுகிறது. 2017 நவம்பரில் மத்திய அரசு அதைத் தடைசெய்தது. மகாராட்டிரத்திலும் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பின் அபராதம் கடுமையாகிவிட்டது. அப்படி விளக்கு கட்டிய படகில் யாராவது வேடிக்கை பார்க்க அழைத்தாலும் ஏறாதீர்கள். தடை போட்டது சரிதான் என்பதே என் எண்ணம்.

நல்ல பருவமும் புயல் பருவமும் ஒன்றாக வருவது அரபிக்கடலின் சாபம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது நம் குமரி மாவட்டத்து ஆட்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். தப்பித்த படகுகள் சில வடக்கே விரட்டப்பட்டு, இங்கே சிந்துதுர்க் மாவட்டத்துத் தேவ்கட் துறைமுகத்தில் வந்து ஒதுங்கின. அந்த நாட்களில் தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் நம் வீடுகளில் தொலைபேசி மணி அடித்தால் எடுக்கவே கை நடுங்கியது. 2019இல் அக்டோபர், நவம்பரில் கியார், மகா என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள், கணவாய்ப் பருவத்தின் நெஞ்சிலேயே வந்து விழுந்தன. ஆகவே வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் அஷ்டமியும் வேண்டாம், அந்தியும் வேண்டாம்.

சரி, எங்கே போவது? மும்பை எல்லைக்குள் கரையில் நின்று கணவாய் பிடிக்க நினைப்பவருக்கு நான் ஊக்கம் தரமாட்டேன். மட், உத்தன் பக்கத்துப் பாறைகளில் நீர் சற்றுத் தேவலை. பருவத்தில், பாங் நாட்களில், எப்போதாவது ஒன்றிரண்டு ஏறும். உண்மையான இடம் தெற்கே கொங்கணத்தில். கொங்கண் ரயிலில் ஓர் இரவு பயணம் செய்து குடாலில் இறங்கினால் மால்வண் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கே பாறைத்தரை, பெரிய ஆற்றுச் சேறு குறைவு. அக்டோபர் பிற்பாதியிலிருந்து நீர் தெளிந்து, கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பவர்களே அதைத் தேடி வருகிறார்கள். நீங்கள் ஊரில் பிடித்த அகன்ற துடுப்புக் கணவாய்க்கு ஏற்ற தரை அது. சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றி 1987இல் அறிவிக்கப்பட்ட கடல் சரணாலயம் உண்டு. எந்த இடம் தடை, எந்த இடம் இல்லை என்று உள்ளூர் மீனவரிடம் கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள். தேவ்கட், வேங்குர்லா பக்கமும் பார்க்கலாம்.

தூண்டில் இறாலின் அளவு நம் ஊரில் வைத்திருந்ததே போதும். மூன்று அல்லது மூன்றரை எண். நிறத்துக்காகக் கடை கடையாக அலைய வேண்டாம், கணவாய்க்கு நிறம் பெரிதல்ல என்று முன்பே சொன்னேன். அந்தியில் வானத்துக்கு எதிரே உருவம் கறுத்துத் தெரிவது முக்கியம், ஆகவே கருமையான ஒன்று, பளபளப்பான ஒன்று என இரண்டு இருந்தால் போதும். வீசியபின் மூழ்க விடுங்கள். மூன்றரை எண் இறால் ஒரு மீட்டர் இறங்க மூன்று விநாடிக்குச் சற்று மேல் எடுக்கும். நான்கு மீட்டர் நீர் என்றால் பத்து எண்ணியதும் கோலை இருமுறை மேல்நோக்கிச் சுண்டிவிட்டு மறுபடி இறங்க விடுங்கள். கணவாய் பிடிப்பது இழுக்கும்போது அல்ல, இறால் சாய்ந்து இறங்கும்போது. அந்தக் கணத்தில் வெட்டு இருக்காது. இழுவிசை சட்டென்று தளரும், அல்லது ஈரத்துணி சிக்கியதுபோல் ஒரு கனம் வரும். உடனே சீராக இழுக்கத் தொடங்குங்கள். இடையில் தளர்த்தினால் கொக்கியில் முள் இல்லாததால் கழன்றுவிடும், முரட்டுத்தனமாக இழுத்தால் அந்த நீண்ட கை மட்டும் அறுந்து வரும். மேலே தூக்குமுன் நீரிலேயே ஒரு நிமிடம் வைத்து மையைக் கக்கவிடுங்கள்.

இனி வாங்குவது. கொலாபாவில் இருக்கும் சாசூன் டாக் 1875இல் திறக்கப்பட்டது. இன்றும் விடிவதற்கு முன்பே அங்கே ஏலம் சூடுபிடித்துவிடும். வீட்டுக்கு இரண்டு கிலோ வாங்குபவர் ஏலத்தில் நிற்க முடியாது. ஆறு மணிக்கு மேல் வெளியே கூடை வைத்திருக்கும் பெண்களிடம் வாங்கலாம். பழகிவிட்டால் நல்லதை எடுத்து வைத்திருப்பார்கள். கணவாயின் புதுமையைக் கண்டுபிடிக்க மூக்கைவிடக் கண்ணை நம்புங்கள். தோலில் பழுப்பும் செம்மையுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் இருக்கும். விரல் நுனியால் ஓர் இடத்தை மெல்லத் தடவுங்கள். அன்று பிடித்த கணவாயானால், உயிர் போன பிறகும் அந்தப் புள்ளிகள் விரிந்து சுருங்கும். விரல் போன வழியே ஒரு நிழல் ஓடி அடங்குவதைக் காணலாம். இருபத்தாறு ஆண்டுகள் ஆகியும் அதைப் பார்க்கும்போது என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நாள் சரக்கில் புள்ளிகள் அசையாது, ஆனால் கண் கறுத்துப் பளபளக்கும், தோல் உடம்போடு ஒட்டியிருக்கும். குழம்புக்கு அது போதும். உடம்பு முழுவதும் பால் வெள்ளையாக இருந்தால் பனிக்கட்டி உருகிய நன்னீரில் ஊறியது என்று பொருள். இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் தொடவே வேண்டாம். பளிச்சென்ற வெள்ளைதான் சுத்தம் என்று நம்மவர்கள் பலர் நினைத்து வாங்குகிறார்கள், அது தவறு. வீட்டுக்குக் கொண்டுபோகும்போதும் கணவாயைப் பையில் கட்டி அதன் வெளியே பனிக்கட்டி வையுங்கள். நேரடியாகப் பனிக்கட்டிக்குள் புதைக்க வேண்டாம்.

மாதுங்கா, சயான் கோலிவாடா, தாராவி சந்தைகளுக்கு அதே சரக்குதான் எட்டு ஒன்பது மணிக்கு வந்து சேரும். விலை அக்டோபர், நவம்பரில் இறங்கும், தடைக்காலத்தில் ஏறும். ஜூன், ஜூலையில் கிடைப்பது பெரும்பாலும் உறைய வைத்த சரக்கு. அதைப் புதிது என்று சொல்லி விற்றால் உடம்பைத் திறந்து உள்ளே பாருங்கள்; உறைந்து உருகியதில் மைப்பை கரைந்து உட்புறமெல்லாம் கறுத்திருக்கும்.

குஞ்சு வாங்காதீர்கள் என்று ஒரு வேண்டுகோள். தலையைத் தள்ளி உடம்புக் குழாய் மட்டும் 8 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஊசிக் கணவாயைப் பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் விதி இருக்கிறது. மகாராட்டிரமும் 2023இல் 54 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்தது. சட்டம் எங்கே எப்படி இருந்தாலும், உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்ததை நான் ஏலத்தில் எடுப்பதில்லை.

பருவத்தைப் பற்றி எனக்கு இருக்கும் உறுத்தலும் இதிலிருந்து வருவதுதான். கணவாய் எளிதாகக் கிடைக்கும் காலம் பல நேரங்களில் அது முட்டையிடக் கூடும் காலமாகவும் இருக்கிறது. என் பெரியப்பா மகன் பல ஆண்டுகள் கர்நாடகக் கடலில், மால்பே பக்கம், ஓட்டுக் கணவாய்த் தூண்டிலுக்குப் போனவர். குமரிக்காரர்கள் அங்கே காய் பறித்த தென்னம்பாளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, மணல்மூட்டையோடு கடலுக்குள் இறக்கி வைப்பார்கள். முட்டை ஒட்ட இடம் தேடி வரும் ஓட்டுக் கணவாய் அந்தப் பாளைகளைச் சுற்றிக் கூடும். தூண்டிலை இறக்கினால் பெரிது பெரிதாக ஏறும். அந்த முறையை எங்கள் ஆட்களின் புத்திக்கூர்மை என்று நானும் பெருமையாகப் பேசியதுண்டு. ஒருநாள் அண்ணன் கரைக்குக் கொண்டுவந்து போட்ட பாளைக்கட்டு ஒன்றைக் காட்டினார். பாளையின் ஒவ்வொரு கிளையிலும் திராட்சைக் கொத்துபோல் முட்டைகள். வெயிலில் அவை சுருங்கிக்கொண்டிருந்தன. தாயைத் தூண்டிலில் எடுத்துவிட்டோம், பிள்ளைகளைப் பாளையோடு மணலில் போட்டுவிட்டோம். கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பிறகு இதையே ஆராய்ந்து, பாளைகளைக் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே விடச் சொன்னார்கள். அண்ணன் அதற்கு முன்பே பாளைகளை மேலே தூக்குவதை விட்டுவிட்டார்.

ஆகவே மால்வண் போகும்போது, உங்கள் தூண்டிலில் கணவாய்க்குப் பதிலாகக் கடற்புல்லோடு வெண்டைக்காய் விதைக்கூடு போன்ற வெள்ளை விரல்கள் கொத்தாகச் சிக்கி வரலாம்; அவையும் கணவாய் முட்டைகள்தான். கையால் பிய்க்காமல், கொக்கியை மட்டும் மெல்லக் கழற்றி, அந்தக் கொத்தை எடுத்த இடத்திலேயே மூழ்கவிட்டுவிட்டு, அடுத்த பாறைக்கு நகர்ந்துபோய் வீசுங்கள். இந்தப் பருவத்தில் போவதானால் ஐப்பசி மாதத் தேய்பிறை அஷ்டமியைக் குறித்து வையுங்கள் தம்பி. கடல் அனுமதித்தால் குடால் ரயிலில் நானும் வருகிறேன்.